வாத்தியார் எங்கே உருவாகிறார்?

(பஞ்சாலைத் தொழிலாளரும் விவசாயத் தொழிலாளரும் கூடிய கூட்டத்தில், ஆரம்பப் பள்ளி ஆசிரியர்கள் சார்பில் ஆற்றிய உரை)



ஷிப்டு முடிந்து வந்தவர்களும், நடவு முடிந்து கரையேறி வந்தவர்களும் இங்கே உட்கார்ந்திருக்கிறீர்கள். உங்கள் நேரத்தின் மதிப்பு எங்களுக்குத் தெரியும். ஆகவே சுற்றி வளைக்காமல் விஷயத்துக்கு வருகிறோம்.

உங்கள் குழந்தைகள் படிக்கும் பள்ளிக்கூடத்துக்கு அவ்வப்போது சில இளம்பெண்களும் வாலிபர்களும் வருகிறார்கள். கையில் பாடக்குறிப்பு நோட்டு இருக்கும். அட்டையில் ஒட்டிய படங்கள் இருக்கும். ‘டிரெயினிங் டீச்சர்’ என்று குழந்தைகள் வீட்டில் வந்து சொல்வார்கள். சில வாரங்கள் பாடம் நடத்துகிறார்கள். பிறகு போய்விடுகிறார்கள். அவர்கள் எதற்காக வந்தார்கள்? யார் அவர்களைக் கவனித்தார்கள்? அந்தச் சில வாரங்களில் நம் குழந்தைக்குக் கிடைத்தது என்ன? நம்மில் எவரும் இதைக் கேட்பதில்லை. அது வாத்தியார்களின் உள் விவகாரம் என்று ஒதுங்கிவிடுகிறோம்.

அது உள் விவகாரம் அல்ல, நம் எல்லோருடைய விவகாரம் என்பதைச் சொல்லவே வந்திருக்கிறோம். ஏனென்றால் நாளைய வாத்தியார் பயிற்சி நிறுவனத்தின் கட்டிடத்தில் முழுமையாக உருவாவதில்லை. அவர் உங்கள் குழந்தையின் முன்னால் நின்றுதான் உருவாகிறார். அவருக்குப் பாடசாலை உங்கள் குழந்தை.

தொழில் எப்படிக் கைவருகிறது?

மில்லில் புதிதாகச் சேர்ந்த ஒருவனிடம் ஒரு புத்தகத்தைக் கொடுத்துப் படிக்கச் சொல்லிவிட்டு, மறுநாள் ரிங் பிரேமைத் தனியாகப் பார்த்துக்கொள் என்று விட்டால் என்ன ஆகும்? அறுந்த இழையை ஓட்டத்திலேயே பிடித்து ஒட்டுகிற வித்தை ஏட்டில் வராது. பழைய கை ஒன்று பக்கத்தில் நிற்க வேண்டும். விரல் எங்கே போகிறது என்று பார்க்க வேண்டும். ‘இப்படியல்ல, இப்படி’ என்று அந்த நிமிஷமே சொல்ல வேண்டும்.

வயலிலும் அப்படித்தான். நாற்றை ஆழமாக ஊன்றினால் தூர் கட்டாது. மேலாக ஊன்றினால் தண்ணீரில் மிதந்துவிடும். நடவுக்குப் புதிதாக இறங்கிய பெண்ணுக்கு இந்த அளவை எந்தப் பிரசங்கமும் கற்றுக்கொடுக்கவில்லை. பக்கத்து வரிசையில் குனிந்து நின்ற பெரியம்மாதான் கற்றுக்கொடுத்தாள்.

இதில் மூன்று அம்சங்கள் இருக்கின்றன. ஒன்று, தன் கையால் செய்வது. இரண்டு, தெரிந்தவர் ஒருவர் கூட நின்று பார்ப்பது. மூன்று, செய்தது ஏன் சரி, ஏன் தவறு என்று உடனுக்குடன் பேசுவது. மூன்றில் எது குறைந்தாலும் அது பயிற்சியாகாது. வாத்தியார் தொழிலுக்கும் இதுவே விதி.

ஆனால் ஒரு முக்கியமான வித்தியாசம் உண்டு. அறுந்த இழையை மறுபடி ஒட்டலாம். மிதந்த நாற்றை மறுபடி ஊன்றலாம். ஒரு குழந்தையின் ஒன்றாம் வகுப்பு மறுபடி வராது. கசங்கிய மனத்தோடு பள்ளியை விட்டு நின்றுபோன குழந்தையைத் திரும்ப அழைத்துவருவது எவ்வளவு கஷ்டம் என்று உங்களுக்கு நாங்கள் சொல்ல வேண்டியதில்லை. ஆகவேதான் இந்தத் தொழிலில் கூட நின்று பார்ப்பவர் மற்ற எந்தத் தொழிலையும்விட அவசியம்.

ஒரு சின்னக் கணக்கு

கூட நின்று பார்ப்பது என்றால் என்ன? ஓர் உதாரணம் சொல்கிறோம்.

மூன்றாம் வகுப்பில் பயிற்சிக்கு வந்த பெண் கரும்பலகையில் கணக்கு எழுதுகிறாள்: 42இலிருந்து 17ஐக் கழி. ஒரு பையன் சிலேட்டில் 35 என்று எழுதிக் காட்டுகிறான். விடை 25. அவள் தப்பு போட்டுவிட்டு அடுத்த பிள்ளையிடம் போகிறாள். பையன் சிலேட்டை அழித்துவிட்டுத் தலையைக் குனிந்துகொள்கிறான். பாடம் முடிந்தது. தனியாக விடப்பட்டிருந்தால் விஷயம் அங்கேயே முடிந்திருக்கும்.

பின்னால் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்த வகுப்பாசிரியை, பாடம் முடிந்ததும் அந்தப் பெண்ணிடம் கேட்கிறார்: “அவனுக்கு 35 எப்படி வந்தது என்று கேட்டாயா அம்மா?” இருவரும் போய்க் கேட்கிறார்கள். பையன் சொல்கிறான்: “ரெண்டுல ஏழு போகாது டீச்சர். அதனால ஏழுல ரெண்டைக் கழிச்சேன், அஞ்சு. நாலுல ஒண்ணு போச்சு, மூணு.”

பாருங்கள்! பையன் முட்டாள் அல்ல, சோம்பேறியும் அல்ல. ஒரு நியாயத்தோடுதான் செய்திருக்கிறான். சின்னதைப் பெரியதிலிருந்து கழிக்க வேண்டும் என்று எங்கேயோ கேட்டதை அப்படியே பிடித்துக்கொண்டான். ஒரு பத்தை உடைத்துப் பத்து ஒன்றுகளாக்கலாம் என்பது மட்டும் அவன் கைக்கு வரவில்லை. மறுநாள் அந்தப் பெண் ஈர்க்குச்சிகளைப் பத்துப் பத்தாகக் கட்டி எடுத்துவருகிறாள். நான்கு கட்டும் இரண்டு குச்சியும் அவன் கையில் கொடுக்கிறாள். ‘பதினேழு குச்சி எனக்குக் கொடு’ என்கிறாள். பையன் தானே ஒரு கட்டை அவிழ்க்கிறான். அவ்வளவுதான், விஷயம் பிடிபட்டுவிட்டது.

அன்றைக்குக் கற்றுக்கொண்டது பையன் மட்டுமல்ல. அந்தப் பெண்ணும் கற்றுக்கொண்டாள்: தப்பான விடைக்கு அடியில் குழந்தையின் யோசனை இருக்கிறது, அதைக் கேட்டறிவதுதான் வாத்தியாரின் வேலை என்று. முப்பது வருஷ உத்தியோகத்தில் அவளிடம் படிக்கப்போகும் நூற்றுக்கணக்கான குழந்தைகளுக்கு அந்த ஒரு மணி நேரம் பயன்படும்.

கணக்கு மட்டுமா? யாரைக் கரும்பலகைக்குக் கூப்பிடுகிறோம், யாரைத் தண்ணீர் எடுத்துவர அனுப்புகிறோம், யாரை முன்வரிசையில் உட்கார வைக்கிறோம், எந்தத் தெருப் பிள்ளையின் பேச்சைக் கேட்டுச் சிரிக்கிறோம் என்பதெல்லாம் நம்மை அறியாமலே நடந்துவிடுகின்றன. சாதியும் வசதியும் வகுப்பறைக்குள் நுழைவது இந்த வழியில்தான். கூட நின்று பார்க்கும் அனுபவசாலி ஒருவர் இதை எடுத்துச் சொல்லாவிட்டால், பயிற்சிக்கு வந்தவருக்கு வேறு யார் சொல்வார்கள்?

சட்டாம்பிள்ளை முதல் கோத்தாரி வரை

இந்தப் பிரச்னை புதிதல்ல. நம் திண்ணைப் பள்ளிக்கூடங்களில் சட்டாம்பிள்ளை இருந்தான். பெரிய பையன் சின்னப் பையன்களுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுப்பான். 1789இல் சென்னை எழும்பூரில் இருந்த ராணுவ அனாதைப் பிள்ளைகள் விடுதியின் பொறுப்பை ஏற்ற ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரியார், உள்ளூர்ப் பள்ளியில் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதுவதைக் கண்டார். தம் பள்ளியிலும் அதைப் புகுத்தி, பெரிய பிள்ளைகளைக் கொண்டு சிறியவர்களுக்குக் கற்பித்தார். 1797இல் லண்டனில் அதைப் பற்றிப் புத்தகம் போட்டார். ‘மதராஸ் முறை’ என்ற பெயரில் அது இங்கிலாந்தில் பரவியது.

ஏன் பரவியது? ஒரே ஒரு வாத்தியாருக்குச் சம்பளம் கொடுத்து நூற்றுக்கணக்கான ஏழைப் பிள்ளைகளை உட்கார வைக்கலாம் என்பதால்தான். சொல்லிக்கொடுக்கப் பழகாத கையைக் கொண்டு ஏழை வீட்டுப் பிள்ளைக்கு மலிவாகக் கற்பித்துவிடலாம் என்ற எண்ணம் அங்கே தொடங்கியது என்று நாங்கள் சொல்லவில்லை. ஆனால் அங்கே அது ஓர் ஏற்பாடாகவே நிலைபெற்றது.

1846இல் இங்கிலாந்தில் முறை மாறியது. 13 வயதில் ஒரு பிள்ளையைச் சேர்த்து, ஐந்து வருஷம் தலைமை ஆசிரியரின் கீழ் பழக்கினார்கள். சர்க்கார் உதவித்தொகை கொடுத்தது; இன்ஸ்பெக்டர் வந்து சோதித்தார். 1854இல் வந்த உட் அறிக்கை இம்முறையையும் ஆசிரியர் பயிற்சிப் பள்ளிகளையும் இந்தியாவுக்குச் சிபாரிசு செய்தது. 1856இல் சென்னையில் சர்க்கார் நார்மல் பள்ளி ஏற்பட்டது. சைதாப்பேட்டை ஆசிரியர் கல்லூரியின் தொடக்கம் அதுவே.

சுதந்திரத்துக்குப் பிறகு 1964 முதல் 1966 வரை வேலை செய்த கோத்தாரி கமிஷன், ஆசிரியர் பயிற்சியை ஆராய்ந்து ஒரு கசப்பான உண்மையைச் சொன்னது. பயிற்சி நிறுவனங்கள் பள்ளிக்கூடங்களிலிருந்து துண்டிக்கப்பட்டுத் தனித்தீவாக நிற்கின்றன. பயிற்சி மாணவர் இத்தனை பாடம் நடத்த வேண்டும் என்ற கணக்குக்காக ஆங்காங்கே உதிரிப் பாடங்கள் நடத்துகிறார். பலவற்றை எவரும் பார்ப்பதேயில்லை அல்லது சரியாகப் பார்ப்பதில்லை. இதுதான் அந்தக் கமிஷன் கண்ட நிலைமை. அரை நூற்றாண்டுக்கு மேல் ஆகியும் இந்தக் குறையை நாங்கள் பள்ளிக்கூடத்தில் கண்ணால் பார்க்கிறோம்.

விதி ஒன்று, நடப்பு ஒன்று

விதி இல்லாமல் இல்லை. தேசிய ஆசிரியர் கல்விக் கவுன்சில் 2014இல் வகுத்த நெறிமுறைப்படி, தொடக்கக் கல்விப் பட்டயப் படிப்பின் இரண்டு வருஷத்தில் மொத்தம் 20 வாரம் பள்ளிக்கூட அனுபவத்துக்கு உரியது. முதல் வருஷம் 4 வாரம். இரண்டாம் வருஷம் 16 வாரம். ஏட்டில் நல்ல ஏற்பாடு.

நடப்பில் என்ன காண்கிறோம்? பயிற்சி மாணவர்கள் வருகிறார்கள். அவர்களின் நிறுவனத்திலிருந்து மேற்பார்வைக்கு வர வேண்டியவர் ஒருநாள் வருகிறார். பத்துப் பாடக்குறிப்புக்குச் சேர்த்துக் கையெழுத்துப் போடுகிறார், போய்விடுகிறார். பாடத்தைப் பார்க்கவில்லை, குறிப்பை மட்டும் பார்த்தார். சில இடங்களில் பிள்ளைகள் பள்ளிக்கே வராமல் நோட்டு மட்டும் நிரம்புகிறது. எந்த நிறுவனம் என்று பெயர் சொல்லிப் பயனில்லை. இது ஒருவர் செய்யும் குற்றமல்ல. வியாபாரம் நுழைந்த இடத்தில் விளையும் பயிர்.

2012இல் அறிக்கை அளித்த நீதிபதி வர்மா கமிஷன் சுப்ரீம் கோர்ட்டால் அமைக்கப்பட்டது. அது கண்டதை மத்திய சர்க்காரின் 2020 கல்விக் கொள்கையே எடுத்துச் சொல்கிறது: நாட்டில் 10,000க்கு மேற்பட்ட தனி ஆசிரியர் கல்வி நிறுவனங்களில் பெரும்பாலானவை பயிற்சி தர அக்கறையோடு முயல்வதே இல்லை, விலைக்குப் பட்டம் விற்கின்றன. நம் மாநிலத்திலும் 2000க்குப் பிறகு ஊருக்கு ஊர் இப்படிப்பட்ட நிறுவனங்கள் முளைத்தன. ஆட்டை விற்று, நகையை அடகு வைத்து மகளைச் சேர்த்தவர்கள் இந்தக் கூட்டத்திலேயே இருக்கக்கூடும். பிறகு வேலையில்லாத் திண்டாட்டத்தைக் கண்டு பிள்ளைகள் சேராமல் போகவே பல மூடப்பட்டன. பணம் போனது, பயிற்சியும் கைக்கு வரவில்லை.

தகுதித் தேர்வு வைத்துவிட்டோமே என்பார்கள். தமிழ்நாட்டில் 2012 முதல் அது நடக்கிறது. 150 கேள்வி, நான்கு விடையில் ஒன்றைத் தேர்ந்து கறுக்க வேண்டும். அது பாட அறிவைச் சோதிக்கலாம். ஈர்க்குச்சிக் கட்டோடு பையன் பக்கத்தில் உட்காரத் தெரியுமா என்பதை எந்தக் கட்டத்தில் கறுப்பது?

பயிற்சியா, கூலியில்லா வேலையா?

இன்னொரு பக்கமும் இருக்கிறது. கல்வி உரிமைச் சட்டப்படி, 60 பிள்ளைகள் வரை உள்ள தொடக்கப் பள்ளிக்கு இரண்டு ஆசிரியர் இருந்தால் போதும். வகுப்போ ஐந்து. அந்த இரண்டு பேரில் ஒருவர் விடுப்பில் போவார். அல்லது தேர்தல் வேலைக்கோ ஜனத்தொகைக் கணக்கெடுப்புக்கோ போவார். இந்த வேலைகளுக்குச் சட்டமே இடம் கொடுத்திருக்கிறது. அப்பொழுது பயிற்சிக்கு வந்த பெண்ணிடம் மூன்று வகுப்பை ஒப்படைத்துவிடுகிறார்கள். மேற்பார்வை என்ற பேச்சுக்கே இடமில்லை. இருபது வயதுகூட நிரம்பாத பெண் நாற்பது குழந்தைகளோடு நாள் முழுவதும் மன்றாடுகிறாள். அவள் கற்றுக்கொள்வது ஒன்றே ஒன்று: கத்தினால் சத்தம் அடங்கும், பிரம்பைக் காட்டினால் இன்னும் சீக்கிரம் அடங்கும். முதல் மாதத்தில் படிந்த இந்தப் பழக்கம் உத்தியோகம் முடியும்வரை போவதில்லை.

பயிற்சி என்ற பெயரில் வேலை வாங்குவது உங்களுக்குத் தெரியாத வித்தையா? 1990களிலும் பிறகும் கோவை, திருப்பூர், திண்டுக்கல் வட்டார நூற்பாலைகளில் ‘சுமங்கலித் திட்டம்’ என்று சொல்லி, ஏழைப் பெண்களைப் பயிலுநர் என்ற பெயரில் மூன்று வருஷம் வைத்து வேலை வாங்கிய கதையை நீங்கள் அறிவீர்கள். சட்டத்தில் பயிலுநர் என்றால் வேறு. 1961ஆம் வருஷத்துப் பயிலுநர் சட்டம், தொழிற்சாலையில் பயில்பவருக்கு உதவித்தொகை கொடுத்தாக வேண்டும் என்கிறது. எதிர்கால வாத்தியாருக்கு அப்படி ஒரு பாதுகாப்பு கிடையாது. கட்டணமும் கட்டுகிறார், பஸ் சத்தமும் கொடுக்கிறார், அட்டையும் படமும் தம் காசில் வாங்குகிறார், ஆள் இல்லாத வகுப்பையும் தாங்குகிறார்.

இங்கே எங்கள் நிலைமையையும் சொல்ல வேண்டும். வழிகாட்டி ஆசிரியர் என்று எங்களைக் குறிக்கிறார்கள். அதற்கென்று ஒரு மணி நேரம் ஒதுக்குவதில்லை. பாடம் முடிந்து உட்கார்ந்து பேச வேண்டிய நேரத்தில் பதிவேடு நிரப்ப வேண்டியிருக்கிறது. எப்படி வழிகாட்ட வேண்டும் என்று எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தவரும் இல்லை. நன்றாகப் பாடம் நடத்துவது வேறு. நடத்துவதைப் பார்த்து, புண்படாமல் குறை சொல்லி, கையைப் பிடித்துத் திருத்துவது வேறு. இரண்டும் தனித்தனி வித்தை.

சில மாதிரிகள்

செய்ய முடியாத காரியமா இது? இல்லை. இலங்கையைப் பாருங்கள். 1980களில் அங்கே தொடங்கிய தேசிய கல்வியியற் கல்லூரிகளில், இரண்டு வருஷம் கல்லூரியில் தங்கிப் படிப்பு. மூன்றாம் வருஷம் முழுவதும் பள்ளிக்கூடத்தில் பயிற்சி என்று வகுத்தார்கள். ‘கட்டுறு பயிலுநர்’ என்று அவர்களுக்குப் பெயர். மலையகத் தோட்டப் பகுதியில் பத்தனையில் உள்ள ஸ்ரீபாத கல்லூரி, தேயிலைத் தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகளை ஆசிரியர்களாக்க வழி திறந்தது. லயத்தில் வளர்ந்த பெண் லயத்துக் குழந்தைக்கே வாத்தியாராக வருகிறாள்.

பயிற்சி நல்லபடி நடக்கும் பள்ளிகள் நம் நாட்டிலும் உண்டு. அங்கே முதல் வாரங்களில் பயிற்சி மாணவர் வாய் திறப்பதில்லை. உட்கார்ந்து பார்க்கிறார்: எந்தக் குழந்தை பசியோடு வருகிறது, எது ஜன்னலையே பார்க்கிறது என்று குறித்துக்கொள்கிறார். பிறகு ஐந்து குழந்தைகளைக் கொண்டு சிறு குழுவுக்குச் சொல்லிக்கொடுக்கிறார். பிறகு ஒரு பாடம். பிறகு ஒரு முழுநாள். அதன் பிறகே ஒரு வகுப்பின் பொறுப்பு. ஒவ்வொரு கட்டத்திலும் பார்ப்பவர் இருக்கிறார், அன்றன்றே பேசுகிறார். அறுவடைக் காலத்தில் வராத பிள்ளைக்கு வெறுமனே ‘வரவில்லை’ என்று குறிக்காமல், அந்த வீட்டுக்கே போய்வரப் பழக்குகிறார். இரண்டு வகுப்பை ஒரே அறையில் வைத்து நடத்தும் முறையையும் அங்கேயே கற்றுக்கொடுக்கிறார். பொறுக்கி எடுத்த முப்பது பிள்ளைகளுள்ள மாதிரி வகுப்பில் மட்டும் பழகியவர், ஈராசிரியர் பள்ளிக்குப் போய் முதல் நாளே திகைத்து நிற்பார் அல்லவா?

நாம் கேட்க வேண்டியவை

ஆகவே, தோழர்களே, நம் கோரிக்கைகள் தெளிவானவை.

பயிற்சி மாணவர் நடத்தும் பாடங்களை அனுபவமுள்ள ஆசிரியர் ஒருவர் உட்கார்ந்து பார்க்க வேண்டும். அன்றே அவரோடு பேச வேண்டும். வழிகாட்டி ஆசிரியருக்கு அதற்கான நேரத்தை வேலைநேரத்திலேயே ஒதுக்க வேண்டும். அதற்குரிய பயிற்சியையும் தர வேண்டும். காலியிடத்தை நிரப்பப் பயிற்சி மாணவரைப் பயன்படுத்தக் கூடாது. காலியிடத்துக்கு முழுச் சம்பள ஆசிரியரைப் போட வேண்டும். 16 வாரத்துக்கும் உதவித்தொகை வேண்டும். கூலிக்காரர் மகள் பஸ் சத்தம் இல்லாமல் படிப்பை நிறுத்தும் நிலை கூடாது. பயிற்சிக் காலத்தில் ஒரு பகுதி கட்டாயமாகச் சேரிப் பள்ளியிலும், ஈராசிரியர் பள்ளியிலும் கழிய வேண்டும்.

இவற்றை யாரிடம் கேட்பது? மேலே கேட்க வேண்டியதை நாங்களும் நீங்களும் சேர்ந்து கேட்போம். பள்ளிக்கூடத்திலேயே கேட்க வேண்டியதும் உண்டு. கல்வி உரிமைச் சட்டப்படி பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கு உறுப்பினர்கள் பெற்றோர். குழுவில் பாதிப்பேர் பெண்கள். அது உங்கள் குழு. கையெழுத்துப் போட மட்டும் அங்கே போகாதீர்கள். மூன்று கேள்விகளைக் கேளுங்கள்: இந்த வருஷம் எத்தனை பயிற்சி மாணவர் வருகிறார்கள்? அவர்கள் பாடத்தை யார் உட்கார்ந்து பார்க்கிறார்? வகுப்பாசிரியர் இல்லாத நாளில் குழந்தைகள் யார் பொறுப்பில் இருக்கிறார்கள்?

எழுதப் படிக்கத் தெரியாத நாங்கள் வாத்தியாரைக் கேட்பதா என்று தயங்காதீர்கள். புதுக் கையைப் பழக்குவது எப்படி என்று உங்களைவிட அறிந்தவர் எவரும் இல்லை. இழையும் நாற்றும் உங்களுக்குக் கற்றுக்கொடுத்த பாடம் அது.

வருகிற பிள்ளைகளிடம் அன்பாக இருங்கள். அவர்களும் நம்மைப் போன்றவர்கள் வீட்டுப் பிள்ளைகள். நன்றாகப் பழகிய கையோடு அவர்கள் வகுப்பறைக்குள் போகட்டும். அந்தக் கையில்தான் நம் குழந்தைகளின் சிலேட்டு இருக்கிறது.